மங்கை சொல்லாத பெயர்

என் அண்ணி மங்கையின் தொண்டை காசிமேட்டில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. மீன்கூடையோடு கல்மண்டபம் முனையில் நின்று "சங்கரா, வவ்வாலு" என்று ஒரு குரல் விட்டால், மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவள் வாயில் ஒரே ஒரு பெயர் மட்டும் வராது. அது என் நைனாவின் பெயர், வெள்ளத்துரை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு. மற்ற மருமகள்கள் ஊர் வாய்க்குப் பயந்து சொல்லமாட்டார்கள். இவள் மனசாரச் சொல்லமாட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த வருஷமே அவளுக்குப் பெரியம்மை போட்டது. தாயில்லாத பெண். எங்கள் வீட்டிலும் அம்மா காலமாகிவிட்டிருந்தாள். அண்ணன் குமாரவேல் கடலுக்குப் பயப்படமாட்டான், அம்மைக்குப் பயப்படுவான்; கரையில் கட்டுமரத்தின் ஓரமே படுத்துக்கொண்டான். நான் பிள்ளைத்தாய்ச்சி என்று என்னைக் கிட்டே விடவில்லை. அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று உறவுக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கும்?

"எம் பொண்ணு நீலாவுக்கு வந்திருந்தா எந்த வூட்டுக்கு அனுப்பறது?" என்று நைனா கேட்டார்.

அவரே உட்கார்ந்தார். வேப்பிலையால் வருடிக் கொடுத்து, இளநீர் ஊட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் அந்தப் பாயை விட்டு நகரவில்லை. பெற்ற அப்பன்கூட அப்படிச் செய்திருக்கமாட்டான். மங்கை பிழைத்தது அவரால்தான் என்று அவளும் சொல்வாள், நானும் சொல்வேன்.

அதனால் ஆண் பிள்ளை பிறந்ததும் அவனுக்கு மாமா பெயர்தான் என்று ஒரே பிடியாக நின்றாள். அண்ணன் நாகரிகமாக வேறொன்று வைக்கலாமா என்று இழுத்துப் பார்த்தான். நடக்குமா? அவள் பிடித்தால் உடும்புப்பிடி.

"அண்ணி, பேர வெச்சுட்டு அப்பால எப்டி கூப்புடுவே?" என்று நான் கேட்டேன்.

"ராசான்னு கூப்புட்டா போச்சு. அதுக்கு இன்னா இப்போ?"

பெயர் வைத்தாயிற்று, கூப்பிடத்தான் ஆளில்லை. அப்பன் பெயரை 'டா' போட்டுக் கூப்பிட எனக்கோ அண்ணனுக்கோ நாக்கு எழுமா? எல்லோருக்கும் அவன் ராசாதான். நைனா மட்டும் தினமும் அவனை மடியில் போட்டு, "உம் பேரு இன்னாடா?" என்று கேட்பார். பயல், "வெள்ளத்துரை!" என்பான். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பையனுக்கு நாலு வயது. மாசி மாதம், திருவொற்றியூர்த் தேர். அண்ணன் கடலுக்குப் போயிருந்தான். நைனா, மங்கை, நான், பையன் நாலு பேரும் கரையோரமாகவே நடந்து போய்ச் சேர்ந்தோம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். பொரிக்குக் காசு எடுக்க மங்கை இடுப்புச் சுருக்குப்பையில் கைவிட்டாள். கை திரும்பி வந்தபோது பையன் இல்லை.

"ராசா! டேய் ராசா!" என்று மங்கை குரல் விட்டாள். அந்தக் குரலுக்கு அங்கே இருந்த அத்தனை பிள்ளைகளும் திரும்பினார்கள். எந்த வீட்டில்தான் ராசா இல்லை? யார் வீட்டு ராசாவையோ கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் பயல் அசையவில்லைபோல.

"யம்மா, எம் புள்ளய ஏன் நீ கூப்புடறே?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.

நான் குளத்தங்கரைக்கு ஓடினேன். அங்கே இல்லை. பாவம் புண்ணியம் பார்க்காமல் நானும் நைனா பெயரைச் சொல்லிக் கத்தித்தான் பார்த்தேன். என் குரல் அடுத்த வீட்டுக்கே போகாது, தவில் சத்தத்தில் எங்கே போகும்? நைனாவுக்கு ஒரு காலத்தில் நல்ல குரல். நெஞ்சிருமல் வந்த பிறகு பேச்சே பாதி காற்றாகத்தான் வரும். அந்தக் குரலில் அவர் தன் பெயரையே கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார்.

"யார தேடறே பெரியவரே?" என்று ஒருவன் கேட்டான்.

"வெள்ளத்துரைய."

"நீ யாரு?"

"வெள்ளத்துரை."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனைக் கடித்திருப்பேன்.

இதற்குள் ஆட்கள் வடத்தைத் தூக்கிவிட்டார்கள். வெடி போட்டதும் இழுப்பார்கள். தேர்ச்சக்கரம் ஆள் உயரம். வடம் பிடித்தவர்களின் கால்களுக்கு நடுவே பையன் எங்கே நிற்கிறானோ! நைனா திரும்பி மங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பேர சொல்லிக் கூவும்மா!"

"மாமா... எப்டி மாமா? என் வாயால..."

"அது எம் பேரு. நான் சொல்றேன், கூவு! மரியாதய அப்பால பாத்துக்கலாம்!"

மங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"டேய்... வெள்ளத்துரை!"

ஒருமுறை அல்ல, மூன்று முறை. தவில்காரர் கையை நிறுத்திவிட்டார். வடம் பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேருக்கு அடியிலிருந்து, சாவகாசமாக, "இன்னாம்மா?" என்று பதில் வந்தது.

முட்டுக்கட்டை போடுகிற ஆள் குனிந்து, பையனைக் காலைப் பிடித்து இழுத்தார். தேரிலிருந்து உதிர்ந்த பூவை இரண்டு கை நிறையப் பொறுக்கி வைத்திருந்தான், படவா. மங்கை அவன் முதுகில் இரண்டு வைத்தாள்; பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பின்னால் ஒருத்தி, "மாமனார் பேர டேய் போட்டு கூவறா பாரு" என்று முணுமுணுத்தாள்.

"உம் புள்ள சக்கரத்துக்கு அடியில இருந்தா நீ தாலாட்டா பாடுவே?" என்று கேட்டேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

மங்கைக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். நைனா காலில் விழுந்துவிட்டாள். "மன்னிச்சுக்கோ மாமா. உயிரு குடுத்த உன்னப் போயி..."

நைனா கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மனசு புண்பட்டுவிட்டதோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"எங்கம்மா கரையில நின்னுகினு இப்டித்தாம்மா கூப்புடும். நடுக்கடல்ல கட்டுமரத்துல கீற எனக்கு கேக்கும். அது போனப்புறம் எம் பேர வாய் நெறைய யாரு கூப்ட்டா? நைனா, மாமா, பெரியவரே... எல்லாம் மரியாததான், இல்லேங்கல. எம் பேரு எனக்கே மறந்துபோற மாரி ஆயிட்ச்சு கண்ணு."

தேர் நகர்ந்தது, கும்பிட்டோம், பொரி வாங்கினோம், வந்த வழியே திரும்பினோம். அவ்வளவு தூரமும் மங்கை தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். நைனா இருமிக்கொண்டு பின்னால் வந்தார்.

தண்டையார்ப்பேட்டை தாண்டியதும் பையன் என் கையை உதறிவிட்டு அலையைப் பார்த்து ஓடினான். மங்கை நின்றாள். நைனாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மீன் கூவுகிற அதே தொண்டையில், கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய் வெள்ளத்துரை, தண்ணிகிட்ட போவாதே, வாடா வூட்டுக்கு!" என்று கூப்பிட்டாள்.

பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் நைனாதான், "தோ வந்துட்டேம்மா" என்றார்.