பண்டிகையன்று கடை திறக்கலாமா?

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எனக்கு வாய்த்தவள் மக்காகவே பிறந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பதினோராம் வகுப்புக்கு விவாதம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என் மகளும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர், வீட்டில் அம்மா. அதில் அவள் ஒருநாளும் பிசகியதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய கடையில் சனி, ஞாயிறு பில் போடப் போகிறாள். பண்டிகை நெருங்கும்போது ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"பண்டிகை அன்னிக்கு எனக்கு டூட்டிம்மா."

"லீவு கேளு."

"நானாத்தான் கேட்டு வாங்கினேன்."

எங்கள் வீட்டில் பண்டிகைக்கு ஒரு வழக்கம் உண்டு. மேஜையில் இருக்கும் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு. ஒரு காலத்தில் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் ஆறிப்போகும். மாமியார் கண்ணை மூடினார். பெரியவன் வேலை கிடைத்துக் கடல் தாண்டினான். அந்த மனுஷன் இன்னொருத்தியோடு குடித்தனம் போனார். இப்போது மகள் ஒன்று, நான் ஒன்று, முடிந்தது. அவளும் இல்லையென்றால் நான் யாரைப் பற்றிச் சொல்வது? மிக்ஸியைப் பற்றியா?

அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. அப்போதுதான் என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. மறுநாள் கரும்பலகையில் தலைப்பை எழுதினேன்: பண்டிகையன்று கடை திறக்கலாமா, கூடாதா? அணி பிரிக்கிறவள் நான்தானே! 'கூடாது' அணிக்கு என் மகளைத் தலைவியாக்கினேன். தன் வாயாலேயே சொல்லட்டும், சொல்லச் சொல்ல மனசு மாறும் என்று கணக்குப் போட்டேன். இத்தனை வருஷம் இதே வேலை பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு நினைப்பு!

'திறக்கலாம்' அணியில் ரேடியோ பேசினான். வாயை மூடத் தெரியாததால் வகுப்பு வைத்த பெயர் அது. "ஜனங்க வர்றாங்க, கடை திறக்கிறாங்க. யாருமே வரலேன்னா எவன் திறப்பான்?" என்றான். ஒரே கைதட்டல்.

என் மகள் எழுந்தாள். கையில் தாள்கூட இல்லை.

"லீவு நாள்ல யார் வர்றாங்கன்னு பில் போடுற எனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு வாங்க எதுவும் இல்ல. வீட்ல உட்கார முடியாம வர்றாங்க. ஒரே ஒரு சாமானைக் கையில வச்சுக்கிட்டு, நீளமான வரிசையாப் பார்த்து நிக்கிறாங்க. கடையைச் சாத்திட்டா அவங்க வீட்டுக்குத்தானே போகணும்? வீட்ல ரெண்டே பேர் இருந்தாலும் சரி, எதிர்ல உட்கார்ந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆள் வேணும். அந்த ஒரு நாளையும் கடைக்குக் குடுத்துட்டா, அப்புறம் குடும்பம்னு மிச்சம் என்ன இருக்கு?"

ரேடியோவே எழுந்து கைதட்டினான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் மேஜைக்குப் புது விரிப்பு வேறு வாங்கினேன்.

பண்டிகையன்று காலையில் அவள் கடைச் சீருடையில் வந்து நின்றாள்.

"அடியே, அன்னிக்கு அவ்வளவு பேசினியே, அதெல்லாம் பொய்யா?"

"நீ குடுத்த அணிக்குப் பேசினேன்மா. பேச்சு அணிக்கு, மனசு அவங்கவங்களுக்குன்னு முதல் நாள் வகுப்புல நீதானே சொன்ன?"

சொன்னேன்தான். வருஷா வருஷம் சொல்கிறேன். எந்த வாதத்துக்கும் பதில் உண்டு என்றும் சொல்கிறேன்.

"எனக்காக இருக்கக் கூடாதாடி?"

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நீ ஒவ்வொரு தடவையும் அஞ்சு தட்டு எடுத்து வைக்கிற. அப்புறம் மூணைத் திருப்பி உள்ள வைக்கும்போது அழற. அதைப் பார்த்துட்டு எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குதும்மா. அங்கன்னா கூட்டமா இருக்கும், சத்தமா இருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. மதியம்வரை யோசித்தும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. புது விரிப்பில் ஒரு தட்டை வைத்தேன். உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடையில் ஐந்து கவுன்ட்டர்கள். அவள் இருந்ததில்தான் வரிசை நீளம். அதிலேயே போய் நின்றேன். கைக்கு அகப்பட்டதை எடுத்திருந்தேன், பார்த்தால் ஷேவிங் கிரீம். எங்கள் வீட்டில் இப்போது அதற்கு வேலையே இல்லை.

என் முறை வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், கிரீமைப் பார்த்தாள். முகம் என்னவோ ஆகிவிட்டது. நான் வழியெல்லாம் ஒரு வார்த்தையைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"நீ அன்னிக்கு ரொம்ப நல்லா பேசினடி," என்றேன்.

இனி அவள் முறை. என்னைப் பற்றி அவள் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாகத் திறந்தாள். பின்னால் நின்றவரின் தள்ளுவண்டி என் இடுப்பில் இடித்தது.

"கொஞ்சம் சீக்கிரம் நகருங்கம்மா," என்றார் அவர்.

"பை வேணுமா?" என்றாள் என் மகள்.