ஜோதிமணியின் கைவழி போன எண்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து, மைசூர் நஞ்சன்கூடு ரோட்டில் இருந்த பூட்டுக் கம்பெனியின் இரும்பறைக் கதவு ஜோதிமணியின் உடம்பு வழியாகத்தான் திறந்தது. இன்ஜினியர் ரவிக்குமார் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்திருந்தார். அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கதவுத் தகட்டைத் தொட்டால், பெட்டியில் இருக்கும் ரகசிய எண் உடம்புக்குள் ஓடி, விரல் நுனி வழியாகக் கதவுக்குப் போய்ச் சேரும். காற்றில் போனால் யாராவது ஒட்டுக்கேட்பார்கள், உடம்புக்குள் போனால் யார் கேட்பது என்பது அவர் எண்ணம். ஆனால் மேனேஜரின் உடம்பில் எண் பாதியில் நின்றது. கேஷியரின் உடம்பில் தலைகீழாக வந்தது. அறை பெருக்க வந்த ஜோதிமணியின் உடம்பில் மட்டும் ஓர் இலக்கம் சிந்தாமல் போனது. ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், பொய் பேச வராது, அதனால்தான் என்றார்கள். துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுக் கதவை அவள் பொறுப்பில் விட்டார்கள்.

இரண்டு வருடம் போய்வந்ததில் எண் அவள் உடம்பிலேயே தங்கிவிட்டது. பெட்டி கட்டாத நாளிலும் அவள் தொட்டால் வீட்டுப் பூட்டு சாவியில்லாமல் திறந்தது. இதை அவள் தன் கணவன் மாரிசாமியிடம் மட்டும் சொன்னாள். அவன் அதே கம்பெனியில் கேட் வாட்ச்மேன். "நா யாரு கையவாச்சும் ரொம்ப நேரம் புடிச்சிட்டிருந்தா அவிங்களுக்கும் போயிருமாட்ட இருக்குதுங்க. என்ற கைய யாரு புடிக்கறா!" என்று சிரித்தாள். மாரிசாமி சிரிக்கவில்லை.

கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றி வந்தபோது அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்ததோடு சரி. பதினோரு வருடத்தில் அவன் தெருவில் அவள் கையைத் தொட்டதில்லை. அந்த வருடத் தசராவில் பிடித்தான். ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பார்க்கும் கூட்டத்தில், யானை வருவதற்கு முன்னும், போன பின்னும், விஜயநகரில் இருந்த வீடு வரை நடந்தே திரும்பியபோதும் விடவேயில்லை. கை வேர்த்தது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

நான்காம் நாள் இரும்பறையிலிருந்த புதுப் பூட்டின் வரைபடங்கள் காணாமல் போயின. எந்த எண்ணில் திறந்தாலும் அந்த எண்ணுக்குரியவர் பெயரைக் கதவு பதிந்துகொள்ளும். அதில் ஜோதிமணி என்றுதான் இருந்தது. அவளை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது மாரிசாமி வெளியே நின்று, "பொம்பளய நம்பிக் கதவக் குடுத்தா இப்படித்தான்" என்று கூட்டத்தோடு சேர்ந்து சொன்னான். பாவி, அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். அவளுக்கு வேலை போயிற்று. பத்தே நாளில் அவனுக்குப் போட்டிக் கம்பெனியில் சூபர்வைசர் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவன், புது வேலை நினைப்பில் சாவியை எடுக்காமல் வீட்டுப் பூட்டில் கைவைத்தான். பூட்டு திறந்து தொங்கியது. குடத்தோடு பின்னால் வந்த ஜோதிமணி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆனை பாக்கறதுக்கா என்னயக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். அவன் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

அன்றிலிருந்து மைசூரில் எந்தக் கதவும் மாரிசாமிக்குத் திறக்கவில்லை. அவன் வந்தால் கம்பெனி கேட் தானே சாத்திக்கொண்டது, கடைகளின் ஷட்டர் இறங்கியது. புது வேலையும் போயிற்று. அவன் கைபட்டு வீட்டுப் பூட்டு திறந்த சங்கதி ஊரெல்லாம் பரவியது. அதைக் கேள்விப்பட்ட ரவிக்குமார் கருவிகளோடு வந்து கதவுகளை அளந்து பார்த்து, எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன என்றார். மன்னிப்புக் கேட்டு அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். "இனி என்ற ஒடம்பு யாருக்கும் வழியில்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் ஊதுவத்தி உருட்டப் போனாள். ஊருக்கும் பழகிவிட்டது. மாரிசாமி தெருவில் வருவது தெரிந்தால், கதவிடுக்கில் குழந்தைகளின் விரல் மாட்டாமல் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் ஒருமுறை கையைப் பிடித்தால் அவனுக்கும் திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கௌரம்மா, "ஓகலி பிடு ஜோதி, விட்டுத் தள்ளு. ஒரு வாட்டி கையக் குடு" என்று கெஞ்சிப் பார்த்தாள். "சட்டியில இருந்தாத்தானக்கா அகப்பையில வரும்" என்றாள் ஜோதிமணி.

தினமும் பொழுது சாயும்போது மாரிசாமி ஜன்னலுக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். எவர்சில்வர் கரண்டி வழியாக எண் போய்விடும் என்று, தேவராஜா மார்க்கெட்டில் அவள் ஒரு மர அகப்பை வாங்கி வைத்திருந்தாள். அதில் எடுத்துத்தான் அவன் கையில் போட்டாள். சோறு சூடாகத்தான் இருந்தது.