ஓர் அட்டை முந்தி

திரை கறுத்து நடுவில் வெளிச்சமாக ஏதோ வந்து நிற்கிறது, எழுத்துதான், என்ன எழுத்து என்பதுதான் தெரியவில்லை, தை மாதம் கண்ணின் நடுவே விழுந்த கறை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகச் சொல்கிறேன், அவள் அன்று முழுவதும் அவனுக்காகக் காத்திருந்தாள், அரங்கில் இருக்கிற அறுபது பேரும் நம்பிவிடுகிறார்கள். புதுச்சேரியில் எங்கள் சின்னத் திரையரங்கில் அந்த ஆடி மாதம் முழுக்க மௌனப் படங்கள், ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு, இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் படித்துச் சொல்வது இருபது வருடமாக என் வேலை, பெரிய வேலை, அதை விட்டால் என்னை யார் தேடப்போகிறார்கள், அந்தப் பயத்தில்தான் கண் இனித் தெளியாது என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் கணினியில் மூக்கு இடிக்க, ஓரக்கண்ணால் ஒவ்வோர் அட்டையாகப் பொறுக்கி, குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்து, தூக்கத்திலும் சுவரில் அட்டைகள் வருகின்றன, அங்கே மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

மூன்றாம் ஞாயிறு மாட்டிக்கொண்டேன். படம் ஓட்டுகிற பிலோமினா நான் பாடம் பண்ணியிருந்த அதே படத்தின் இன்னும் நல்ல பிரதி கிடைத்ததென்று என்னிடம் சொல்லாமல் அதைப் போட்டுவிட்டாள், அதில் தொடக்கத்தில் ஓர் அட்டை கூடுதல், எனக்கெங்கே தெரியும், படம் நெடுக நான் ஓர் அட்டை முந்திப் போய்க்கொண்டிருக்கிறேன், திரையில் கிழவரின் உயிர் பிரிந்திருக்கிறது, நான் உற்சாகமாக, பந்தி தயார், எல்லாரும் வாருங்கள் என்கிறேன், அரங்கமே சிரிக்கிறது, படம் நிற்கிறது, பிலோமினா இறங்கி வந்து தோளில் கை வைத்து, எத்தினி நாளாண்ணா என்கிறாள், தை மாசத்துலேருந்து, நான் வேலைய விட்டு நின்னுக்கட்டுமா என்கிறேன், எங்க போப்போற, மொதல்ல தண்ணி குடி என்று மைக்கை வாங்கி, அண்ணனுக்குக் கண்ணு சரியில்ல, அஞ்சு நிமிஷம் இருங்க என்கிறாள், சிரிப்பு அடங்கிவிடுகிறது, நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும், எனக்கோ முதுகிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது, அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மீதியை அவளே படித்தாள், பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் சொல்வதுபோலப் படித்தாள், எனக்குப் பொறுக்கவில்லை, கொஞ்சம் மெதுவா, அவ அழுவுறா இல்ல என்று முன்வரிசையிலிருந்து திருத்தினேன், அப்ப நீயே சொல்லேன், நான் காதுல படிக்கிறேன் என்று பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள், நான்காம் ஞாயிறும் அப்படித்தான், அவள் காதில் போட்டதை நான் மைக்கில் விடுகிறேன், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மூச்சு தாமதம், யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த மாதத்தின் கடைசிப் படம், கடைசிப் பகுதி, வெகுநேரமாக அவளிடமிருந்து சத்தமே இல்லை, பழைய பயம் எட்டிப்பார்க்கிறது, என்ன வந்திருக்கு என்கிறேன், எழுத்து எதுவும் வரலண்ணா, ரெண்டு பேரும் ரோட்டுல சும்மா நடந்து போறாங்க என்கிறாள், இன்னுமா, இன்னும் போய்க்கிட்டேதான் இருக்காங்க, சரி, போகட்டும் என்று மைக்கை மடியில் வைத்துக்கொண்டேன்.