கமெராவில் மட்டும் தெரிந்த தலைப்பிறை

“கமெராவுல கண்டதெல்லாம் பிறையாடா? அப்ப டீவியில சோத்தக் காட்டினா நோன்பு துறப்பியா?”

“வாயப் பொத்து பஸ்லான். என்ட மச்சான் கண்ணால கண்டனெண்டு பள்ளியில நிண்டு சொன்ன மனுசன். எங்கட உம்மா அவர்ர சொல்ல நம்பித்தான் பெருநாள் எடுத்தவ.”

நிஸ்தார் அப்போதுதான் பின்கதவால் தன் ஸ்டூடியோவுக்குள் வந்திருந்தார். முன்பக்கத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மனைவியின் தம்பி அஸ்கரும் பக்கத்து போன் கடைக்காரன் பஸ்லானும். உள்ளறையில் ஆள் இருப்பது இருவருக்கும் தெரியாது. நிஸ்தார் கையில் கல்யாண அல்பத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது, தடித்த கண்ணாடி. மாதம் பிறந்ததைக் காட்டும் தலைப்பிறையைப் படம் பிடிக்க மூன்று வருடமாக அலைந்தவர். ‘நிலாவுக்குக் கல்யாண அல்பம் போடுற ஆள்’ என்று காத்தான்குடியில் பகிடி பண்ணுவார்கள். போன வருடம் நோன்பு இருபத்தொன்பதின் பின்னேரம், ஆத்தங்கரையில் கமெரா முக்காலியை நட்டார். நானூறு எம்எம் லென்ஸ், அதன் பின்னால் தூரத்தை இரட்டிப்பாக்கும் கொன்வேட்டர். கொன்வேட்டர் போட்டால் வெளிச்சம் குறையும். கமெரா தானாக போக்கஸ் பிடிக்காது. அதனால் ஆற்றுக்கு அக்கரை, வவுணதீவுப் பக்கம் தெரிந்த டவரின் சிவப்பு லைட்டில் கையால் போக்கஸ் வைத்து, லென்ஸ் வளையம் அசையாமல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்.

சூரியன் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கமெராத் திரையில் அது வந்தது. தறியில் அறுந்து தொங்கும் ஒற்றை இழை மாதிரி. பதினொரு படம் எடுத்தார். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டவருக்கு நேர் மேலே, இருக்கிற இடம் தெரிந்தே பார்த்தார். ஒன்றுமில்லை. நாலு நிமிடத்தில் மேகம் வந்து மூடிவிட்டது.

அன்று பிறை கண்டால் மறுநாள் பெருநாள், இல்லாவிட்டால் முப்பதாவது நோன்பு. பெருநாளுக்கு இரண்டு பேர் வெறுங்கண்ணால் கண்டு சாட்சி சொல்ல வேண்டும். அவர் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மீன்பிடிக்கிற முகைதீன்பாவா கண்டதாகச் சொல்லி முன்னமே உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒருவர் வேண்டும். எல்லாரும் நிஸ்தாரைப் பார்த்தார்கள்.

“கண்ணால கண்டீங்களா?” என்று மௌலவி மெதுவாகத்தான் கேட்டார்.

திரையில் கண்டேன் என்றால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பிறை இருப்பதோ நிச்சயம், படமே கையில் இருக்கிறது. அந்த ஒரு நொடியில் அவர், “ஓம், கண்டன்” என்றார். ஒலிபெருக்கியில் பெருநாளை அறிவிக்கும் தக்பீர் எழும்பியது.

வீட்டில் மாமி கைறுன்னிஸா, அஸ்கரின் உம்மா, காத்துக்கொண்டிருந்தார். கிட்னி பழுதான மனுசி. நோன்பு பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியும் இருபத்தொன்பதையும் பிடித்தவர். இது தனக்குக் கடைசி நோன்பு, குறை விடமாட்டேன் என்று நின்றார். ஒலிபெருக்கியை அவர் நம்பவில்லை. மருமகனின் கையைப் பிடித்தார்.

“நீ சொல்லு மனே. உன்ட கண்ணால கண்டயா? இல்லாட்டி நான் நாளைக்கும் புடிக்கிறன்.”

“கண்ணால கண்டன் மாமி.”

மறுநாள் காலையில் மாமி பெருநாள் இனிப்பு, ஒரு கரண்டி வட்டிலப்பம், சாப்பிட்டார். பெருநாள் கழித்து நாலாம் நாள் மௌத்தாகிவிட்டார்.

மாமியின் ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு நிஸ்தார் மனைவி பஹீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அஸ்கருக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவன் தாங்கமாட்டான் என்றாள். உண்மையைச் சொல்ல நிஸ்தார் மௌலவி வீட்டுக் கேற்றடிக்கு இரண்டு தரம் போய், சொல்லாமலே திரும்பினார். மாமியை அடக்கிய மையவாடிக்குப் போய், அவருடைய கபுறடியில் நின்று மன்னிப்புக் கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறை உண்மையாகவே இருக்கிறது. அவர் சொன்னதுதான் பொய்.

முன்பக்கத்தில் சத்தம் கூடியது. அஸ்கர் வாசல் திரைச்சீலையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

“மச்சான், இஞ்சயா இரிக்கீங்க? இவன்ட கதயக் கேட்டீங்களா? நீங்களே சொல்லுங்க. உம்மாட கையப் புடிச்சு நீங்க சொன்னத இவனுக்கும் சொல்லுங்க.”

உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. நிஸ்தாரின் வாய் திறந்தது. அஸ்கரின் கண்ணில் தண்ணீர் நின்றது.

“கண்ணால கண்டன்” என்றார்.

பஸ்லான் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கிட்ட வந்து இரண்டு கையாலும் நிஸ்தாரின் கையைப் பிடித்தான். “தெரியாமக் கதச்சிட்டன் நிஸ்தார் காக்கா. அல்லாஹ்வுக்காக மாப் பண்ணுங்க.”

மன்னித்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அன்றிலிருந்து அவர் பள்ளியில் கடைசி வரிசையில்தான் நிற்கிறார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுகிறார். நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த முறையும் பிறை பார்க்க நீங்கள்தான் வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். அவர் அஸ்கரிடம் சொல்ல வேண்டுமா, பஹீமா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? மாப்புக் கொடுக்க வேண்டியவர் மௌத்தாகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? பகிடிக்கு எழுத வேண்டாம். தெரிந்தவர்கள், இப்படி ஒன்றில் மாட்டுப்பட்டவர்கள், கீழே பதில் எழுதுங்கள்.