ஒரு கேமராவுக்கு ஒரு கோர்

சிவராஜ் நாலு பேர் முன்னால், முதலாளி முன்னால், தன் வாயாலேயே உண்மையைக் கக்க வேண்டும். சத்யப்பிரியா மூன்று மாதமாக வேண்டிக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான். அதற்கு அவளுக்கு ஒரே ஒரு திங்கட்கிழமை போதும்.

பல்லடம் ரோட்டுப் பனியன் கம்பெனி அது. துணி பின்னும் நிட்டிங் மெஷின் எட்டு. மெஷினுக்கு ஒரு கேமரா. ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தால் கேமரா பார்த்து மெஷினை நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்தியது? பத்து மீட்டர் துணி வீணான பிறகு ஞானோதயம் வந்து நிற்கும். எட்டு கேமராவையும் ஹால் மூலையில் இருந்த ஒரே கம்ப்யூட்டர்தான் நடத்தியது. ஐ.டி. மேனேஜர் சிவராஜ் புதுக் கேமரா வாங்கலாம் என்றான். அவனுக்குக் கீழே இருந்த சத்யப்பிரியா, கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்துவைத்து ஒரு வாரம் உட்கார்ந்தாள்.

கேமராவில் கோளாறே இல்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரில் பன்னிரண்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை பார்க்கும் பன்னிரண்டு பகுதி. கேமராவுக்கு ஒன்றாக எட்டு வேலைச் சரடுகள், எட்டுத் திரெட், அதில் ஓடின. எது எந்தக் கோரில் ஓடுவது என்று ஓர் ஒழுங்கு கிடையாது. கம்ப்யூட்டரின் மற்ற வேலைகளான ரிப்போர்ட்டும் பேக்கப்பும் நடுவில் புகுந்து இடிக்க, கேமராத் திரெட்கள் பல்லடம் பஸ்ஸில் சீட்டுக்கு அலைகிறவர்கள் போலக் கோர் கோராக அலைந்தன. அவள் டாஸ்க்செட் என்ற கட்டளையில் ஒவ்வொரு திரெட்டின் நம்பரையும் கொடுத்து அதற்கென்று ஒரு கோரை ஒதுக்கினாள். இன்னொரு கட்டளையால் அவற்றுக்கே முன்னுரிமை கொடுத்தாள். மற்ற வேலைகளையெல்லாம் மிச்சமிருந்த நாலு கோருக்கு விரட்டினாள். அடுத்த ஊசி உடைந்தபோது மெஷின் ஒரே சுற்றில் நின்றது.

அவள் அந்தக் கட்டளைகளை எழுதி வைத்திருந்த தாளைச் சிவராஜ் போனில் படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் முதலாளி அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். "இந்தப் புள்ள யாரப்பா?" என்று ஓரமாக நின்றவளைப் பார்த்துக் கேட்டார்.

"டைப் அடிக்கற புள்ளைங்க" என்றான் சிவராஜ், வெட்கமே இல்லாமல்.

அந்த எரிச்சலிலும் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவன் படம் எடுத்ததில் இருந்தவை அன்றைய திரெட் நம்பர்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் திரெட்களுக்குப் புது நம்பர் விழும். ஒதுக்கிய கோரும் அழிந்து போகும். கம்பெனியில் சனிக்கிழமை சாயங்காலம் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கட்டளைகளை ஒரு ஃபைலில் போட்டு வைத்தால் திங்களன்று தானாகவே ஓடும். அவள் வேண்டுமென்றே போடவில்லை. வாராவாரம் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து, புது நம்பரைப் பார்த்துக் கையால் அடித்தாள். ஒரு தடவை செய்தால் ஆயுசுக்கும் நிற்கும் என்று சிவராஜ் நம்பினான். நம்பட்டும், நன்றாக ஊதிப் பெருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் பெருத்த பெருக்கில், ஆளுக்கு இரண்டு மெஷின் பார்த்த ஆபரேட்டர்களை, "கேமரா பாத்துக்கும், ஆளுக்கு நாலு பாருங்க" என்று மாற்றியும் விட்டான்.

பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் கேமராவைப் பார்க்க வரும் திங்கட்கிழமை வந்தது. சத்யப்பிரியா எட்டு மணிக்கே வந்தாள். கீபோர்டைத் தொடவில்லை. டீ குடித்தாள்.

பத்து மணிக்குப் பையர்கள் ஹாலுக்குள் நுழைந்தபோது ஏழாம் மெஷினில் பத்து மீட்டர் துணி கோடாக இறங்கியிருந்தது. முதலாளி முதலில் பிடித்தது ஆபரேட்டர் காசிமாயனை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனிதர்.

"கண்ணை எங்கய்யா வெச்சிருந்தே?"

"நாலு மெசினுங்கய்யா... கேமரா பாத்துக்கும்னு சொன்னாக..."

"வாயத் தொறக்காதே. நாளையிலிருந்து வர வேண்டாம், போ."

சத்யப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. தப்பு அவர் மேல் இல்லை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளியின் தலை அப்போதுதான் சிவராஜ் பக்கம் திரும்பியது. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"கேமரா ஏனப்பா உடனே நிறுத்துல?"

"இருங்க, இப்பச் சரி பண்ணிப்போடறனுங்க." சிவராஜ் போனைப் பார்த்துப் பார்த்து அடித்தான். அந்த நம்பரில் திரெட்டே இல்லை என்றது திரை. மறுபடி அடித்தான். இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை. பையர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடடா, என்ன அழகான காட்சி! சத்யப்பிரியா அதை வாய்க்குள் போட்டு மிட்டாய் போலச் சப்பினாள்.

"அம்மணி, உனக்குத் தெரியுமா?" முதலாளி அவளைக் கேட்டார்.

"தெரியுமுங்க. இத மொதல்ல பண்ணுனது யாருன்னு சிவராஜ் சார் சொல்லட்டுமுங்க. அப்பறம் அடிக்கறேன்."

ஹாலே பார்த்தது. சிவராஜ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். "சத்யப்பிரியாதானுங்க பண்ணுச்சு" என்றான், தரையைப் பார்த்து.

"கேக்குலீங்க."

"சத்யப்பிரியாதானுங்க!"

இரண்டு நிமிடத்தில் அடித்து முடித்தாள். இன்னும் ஹாலிலேயே நின்ற காசிமாயனையே விட்டு ஓர் ஊசியை உடைக்கச் சொன்னார்கள். மெஷின் ஒரே சுற்றில் நின்றது. பையர்கள் கை தட்டினார்கள். சிவராஜின் நாற்காலி இனி உனக்குத்தான் என்றார் முதலாளி. அந்தக் குஷியில் காசிமாயனுக்காக ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில், தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"அண்ணா, நான் முதலாளிகிட்டப் பேசறனுங்க" என்று ஓடினாள்.

அவர் வாளியைச் சரியாக மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "திங்கக்கெழம தவறாம எட்டு மணிக்கு வந்து தட்டுவியே தாயி. ஏழாம் மெசின்லருந்து நேரா தெரியும். இன்னைக்கு ஏன் தட்டல?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "அவன மாட்டி விடத்தானுங்க."

"அவன் மேல எத்தன நாளாக் கோவம்?"

"மூணு மாசமா."

"எனக்கு ஒம்மேல இன்னைக்குத்தேன் ஆரம்பிச்சிருக்கு" என்றார் காசிமாயன். சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.