அரைவட்டத்தின் நேர்ப்பக்கம்

கணக்கு டீச்சர் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான்கு மாதக் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. அது எழுந்துகொள்வதற்குள் ஒரு பாடத்தை முடித்துவிட வேண்டும். "ஒரு தட்டை எடுத்துக்குங்க. அதோட விளிம்பை ஒட்டி ஒரு ஸ்கேலை வைங்க. ஸ்கேல் தட்டை ஒரே ஒரு இடத்துலதான் தொடும். அந்த ஸ்கேல்தான் தொடுகோடு." பதிவை நிறுத்திக் கேட்டுப் பார்த்தாள். பாதி அவள் குரல், பாதி குழாய் சொட்டும் சத்தம். குழாயில் ஒரு துணியைச் சுற்றிவிட்டு மறுபடியும் தட்டிலிருந்து ஆரம்பித்தாள்.

வேலைக்குப் போகிறவர்கள் பத்தாவது எழுத மாலை நேர வகுப்பு நடத்தும் இடத்தில் அவளுக்கு வேலை. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று அந்தக் கூடத்தைக் காலி செய்து, வகுப்பை போனுக்கு மாற்றிவிட்டார்கள். மாலை ஏழு மணிக்கு அவள் திரையில் தோன்றுவாள். பதினான்கு பேரில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் லாரி ஓட்டிக்கொண்டே வருவார், அவரை அவளே திட்டி வெளியே அனுப்பிவிடுவாள். மற்றவர்களுக்கு அது ஓவர்டைம் நேரம். சரி, படம் பிடித்தே அனுப்பிவிடலாம் என்று பலகையைச் சுவரில் மாட்டி, வண்ண வண்ணச் சாக்பீஸில் வரைந்து வீடியோ அனுப்பினாள். யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. சட்டைக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் காலர் தைக்கிற அம்மாள். வகுப்பின் போன் குழுவிலும் கம்பெனியிலும் எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. மற்ற பாடங்களெல்லாம் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. குரலுக்குப் பின்னால் மழை கொட்டுவதுபோல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. வீடியோ நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்குக் கண்ணு ஊசியில இருக்கு, கை துணியில இருக்கு. காது ஒண்ணுதான் நாள் பூரா சும்மா இருக்கு. காதுக்கு மட்டும் சொல்லித்தர முடியுமா?"

படம் இல்லாமல் வடிவியலா? உப்பில்லாமல் சமைக்கச் சொல்வதுபோல் இருந்தது டீச்சருக்கு. இரண்டு நாள் பதில் அனுப்பவில்லை. மூன்றாவது நாள் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஒரு பாடம் பேசி அனுப்பினாள். "ரகசியம் சொல்ற மாதிரி இருக்கு டீச்சர். நாப்பது மிஷின் சத்தத்துல ஒண்ணும் விழல" என்று பதில் வந்தது. குளியலறை வாசம் அப்படித்தான் தொடங்கியது.

பேசிய பாடம் புரிகிறதா என்று சோதித்துப் பார்க்க வீட்டுக்காரர் அகப்பட்டார். பாத்திரம் கழுவி முடித்த ஈரக் கையோடு அவரை உட்கார வைத்து, காதில் கேட்டதை மட்டும் வைத்து வரையச் சொன்னாள்.

"இது என்னங்க?"

"நீ சொன்ன முக்கோணம்தான்."

அதைச் செருப்பென்று காலில் மாட்டிக்கொண்டு நடந்தே போகலாம்போல் இருந்தது. சிரித்துவிட்டு, தன் பதிவைத் தானே கேட்டாள். 'இந்தப் பக்கம்', 'இதோ இங்கே', 'அப்படியே இப்படி வந்தா'. ஒன்பது வருடமாகப் பாடம் நடத்தியது வாய் இல்லை, சாக்பீஸ் பிடித்த விரல்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. 'இங்கே' என்ற சொல்லை விட்டொழிக்க அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குப் பதிலாகத் தட்டு, கதவு, கத்தரிக்கோல், கடிகார முள் எல்லாம் பாடத்துக்குள் வந்தன. வீட்டுக்காரரின் முக்கோணமும் மெல்ல மெல்ல முக்கோணமாயிற்று.

காலர் அக்காவின் பதில்கள் டீ குடிக்கும் நேரத்தில் வரும். "டீச்சர், பை பைன்னு சொல்றீங்களே, நான் முதல்ல சட்டைப் பைன்னு நெனச்சிட்டேன். பையோட மதிப்பு மூணு சொச்சம்னதும், அட, இந்த விலைக்கு எந்தக் கடையில கெடைக்குதுன்னு பாத்தேன்." கம்பெனியில் ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கலாம் என்று விட்டிருந்தார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, அப்படி என்ன பாட்டு, உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறதே என்று கேட்டாராம். "சோகப் பாட்டு சார்னு சொல்லிட்டேன். பொய்யில்லையே டீச்சர்."

ஒரு பதிவில் குழந்தை அழுதது பின்னணியில் விழுந்துவிட்டது. அன்று மாலை வந்த அக்காவின் பதிலில் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "பாப்பா பசிக்கு அழலம்மா. வயித்துல காத்து. ரெண்டு காலையும் மடக்கி வயித்தோட சேத்து மெதுவா அமுக்குங்க." டீச்சர் அப்படியே செய்தாள். சின்ன வயிற்றிலிருந்து பெரிய மனிதர்கள் விடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அழுகை நின்றது. அந்த ஒரு தடவை மட்டும் அக்கா 'டீச்சர்' என்று சொல்லாமல் 'அம்மா' என்று சொன்னதை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பேறுகாலம் பார்த்த பெரியவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, அவளை அப்படி வாஞ்சையாக அழைக்க வீட்டில் யாரும் இல்லை.

அக்காவுக்கு இந்தப் பரீட்சை விளையாட்டில்லை. வலது தோள்பட்டை தேய்ந்துவிட்டது, இனிக் குனிந்து தைத்தால் கை தூக்க வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு மாறிவிட்டால் நின்றபடி பார்க்கிற வேலை. பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தபோது குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் அடித்தது. டீச்சர் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. வாளிமேல் உட்கார்ந்து, கண் சொருக, அரைவட்டத்தின் சுற்றளவைப் பற்றிப் பேசினாள். "வட்டத்தோட சுற்றளவுல பாதி. அவ்வளவுதான், ரொம்பச் சுலபம். விட்டம் பதினாலுன்னா விடை இருபத்திரண்டு." பதினான்கு பேருக்கும் அனுப்பிவிட்டு, கதவில் தலை சாய்த்து அங்கேயே ஐந்து நிமிடம் தூங்கினாள்.

மறுநாள் மதியம் காலர் அக்காவிடமிருந்து ஒரு பதிவு. முதல் தடவையாகப் பின்னால் மிஷின் சத்தம் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் எங்கோ தனியாகப் போய் நின்று பேசுகிறாள்.

"டீச்சர், எனக்குத்தான் புரியலையோ என்னவோ. இங்க அரைவட்டமா ஒரு பை வெச்சுத் தைக்கிறோம். பதினாலு சென்டிமீட்டர் அகலம். ஓரம் சுத்திவர பைப்பிங் பட்டி வைக்கணும். உங்க கணக்குப்படி இருபத்திரண்டு வெட்டினேன். வளைவுக்குத்தான் சரியா வந்துச்சு. நேர்ப்பக்கத்துக்குத் துணி இல்ல. முப்பத்தாறு வேணும் டீச்சர். நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க."

டீச்சருக்குக் காதுமடல் சுட்டது. இருபத்திரண்டும் பதினாலும் முப்பத்தாறு. பிள்ளைகள் பரீட்சையில் வழக்கமாகச் செய்யும் தப்பு. சிவப்பு மையில் எத்தனை தாளில் வட்டம் போட்டிருக்கிறாள். பதினான்கு பேர் இதைக் கேட்டு, மனப்பாடம் செய்து, எழுதப் போகிறார்கள். அந்த அம்மாள் துணியை வெட்டிப் பார்த்துவிட்டும், தப்பு தன்னுடையது என்று நினைக்கிறாள்.

நேற்றைய தன் பதிவின்மேல் விரலை அழுத்தினாள். அழிக்கவா என்று போன் கேட்டது. அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை அனுப்பினால் ஒருவருக்கும் தெரியாது. அக்கா வாய் திறக்க மாட்டாள். தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு, தன் கையையே முதல் தடவை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அழிக்காமல், அக்காவையே அழைத்தாள்.

"அக்கா, தப்பு உங்களுது இல்ல. என்னுது."

"யானைக்கும் அடி சறுக்கும் டீச்சர். தூங்குனீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. ஒரு உதவி பண்றீங்களா? இதை எல்லாருக்கும் நீங்களே சொல்லுங்க. பையை வெச்சு, எனக்குச் சொன்ன மாதிரியே."

"நானா? எனக்கு நாக்கு குழறும் டீச்சர். நான் ரெண்டு தடவை ஃபெயிலானவ."

"நான் நேத்து ஃபெயிலானவ. சொல்லுங்கக்கா."

அன்று மாலை டீ நேரத்தில் அந்தப் பதிவு எல்லோருக்கும் போயிற்று. நூல் கண்டுகள் வைக்கும் அறையில் பேசியிருக்கிறாள். நாற்பது நொடிதான். யாரோ இரண்டு பெண்கள் பக்கத்தில் நின்று, "மெதுவாச் சொல்லுக்கா" என்கிறார்கள். "டீச்சர் நேத்து சொன்னது வளைவுக்கு மட்டும். நேர்ப்பக்கத்தையும் சேத்துக்கணும், இல்லாட்டி பை வாய் பிஞ்சு நிக்கும்." அதற்குக் கீழே டீச்சர் தன் குரலில், "அக்கா சொல்றதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சேர்த்தாள். இரண்டு மாதமாகக் குழுவில் வாய் திறக்காத லாரிக்காரர் பதில் போட்டார்: 'இது புரிந்தது.' டீச்சருக்கு மனதில் ஒரு சின்ன முள் குத்தியது. அப்புறம் சிரிப்பு வந்தது. மறுநாள் லாரிக்காரரே தார்ப்பாய் கட்டுவதை வைத்துச் செவ்வகத்துக்கு ஒரு பாடம் பேசி அனுப்பினார். பாதிக்குமேல் ஹாரன் சத்தம்.

பரீட்சை அன்று டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனாள். போகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மணி அடித்து, கும்பல் கும்பலாக ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரை எதிர்பார்க்கிறோம் என்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. கூடம் காலியான பிறகு சேர்ந்த அக்கா, திரை வகுப்புக்கும் ஒருநாளும் வந்ததில்லை. முகமே தெரியாது.

"பாப்பா தானே இது?"

போனில் பழகிய அதே குரல். குள்ளமாக, கனத்த கண்ணாடி போட்ட ஒருத்தி. வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியிருந்தது. டீச்சர் குழந்தையை நீட்டினாள். அக்கா கேள்வித்தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையை வாங்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டாள். எப்படி எழுதினீர்கள் என்று இவள் கேட்கவில்லை. மர நிழலில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார்கள். டீச்சர் கேள்வித்தாளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. ஒரு குச்சி, அதன் நிழல். ஒரு கோபுரம், அதன் நிழல். கோபுரத்தின் உயரம் என்ன?

"அக்கா, இந்தப் பாடத்துக்கு நான் வரவே இல்லையே."

"வரல. நேரம் எங்க இருந்துச்சு."

"விட்டுட்டீங்களா?"

"விடல டீச்சர். சின்ன சைஸ் சட்டையில இருந்து பெரிய சைஸ் வெட்டுவாங்கல்ல, அந்த மாதிரி குச்சி சின்ன சைஸ், கோபுரம் பெரிய சைஸ்னு வெச்சுக்கிட்டேன். சரியோ தப்போ, நானா ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்."

"எப்படி எழுதினீங்க, சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அதன் இடுப்புக்கு மேலாக, எழுப்பிவிடாமல், ஒரு விரலால் குறுக்கே கோடு இழுத்தாள். "இது தரை" என்றாள். பிறகு முதுகுத்தண்டின் வழியே நேராக மேலே போய், பிடரியில் முடி தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். "இது கோபுரம்." விரல் கொஞ்சம் யோசித்தது. மறுபடி கீழே வந்து, இடது இடுப்பின் ஓரத்திலிருந்து சாய்வாகக் கோபுரத்தின் உச்சியை நோக்கி ஏறத் தொடங்கியது. டீச்சர் கேள்வித்தாளை மடியில் வைத்துவிட்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.