கோடில்லாத பன்னிரண்டு படங்கள்

எடுத்த படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தேன்கூடு, சூரியகாந்தியின் நடுவட்டம், சிலந்தி வலை எல்லாமே இயற்கை போட்ட கணக்கு, நான் வெறும் பொத்தானை அமுக்குகிறவள் என்பேன். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். சுத்தப் புளுகு. தேன்கூட்டில் நாலு அறை கோணலாக இருந்தால் பக்கத்து அறையை எடுத்து அதன்மேல் ஒட்டிவிடுவேன். கோணல் எனக்கு ஆகாது. சாப்பாட்டுத் தட்டு மேசை விளிம்புக்கு நேராக இல்லாவிட்டால்கூட எரிச்சல் வரும்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் சரிவான ஒரு மண்மேடு. நாற்பது படி ஏறினால் மேலே களிமண் தரை. அந்த வருஷம் ஏழு மாதம் மழை இல்லை. களிமண் காய்ந்து வெடித்து, ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்று கச்சிதமான கட்டங்களாகக் கிடந்தது. காலை ஏழரை மணி வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் இறங்கும். ஏணி போட்டு, கேமராவைக் குப்புறக் கட்டி, வாரம் ஒருமுறை அதே இடங்களை அதே உயரத்திலிருந்து எடுத்தேன்.

ஒரே ஒரு சனியன்தான் தொல்லை. சரிவின் விளிம்பை ஒட்டி, வில்லாக வளைந்த ஒரு நீளக் கோடு. எந்தக் கட்டத்தோடும் சேராமல் அது பாட்டுக்கு ஓடியது. முதல் வாரம் பென்சில் கோடு அளவுதான். இரண்டாம் வாரம் விரல் நுழைந்தது. மூன்றாம் வாரம் லென்ஸ் மூடி கைதவறி உருண்டு அதற்குள் விழுந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. உள்ளே மண் சில்லென்று இருந்தது. புது மூடிக்கு அலைய வேண்டுமே என்று திட்டினேனே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பக்கத்து மண்ணை எடுத்து ஒட்டி அந்தக் கோட்டை இருந்த இடம் தெரியாமல் ஆக்கினேன்.

அந்த வாரம்தான் அக்கா போனில் புலம்ப ஆரம்பித்தாள்.

"பின்கதவு சாத்த மாட்டேங்குதுடி. உங்க அத்தான் மூணு தடவை இழைச்சிட்டார். இழைச்ச மறுநாளே மறுபடியும் இறுகிக்குது."

"கதவுக்கும் வயசாகுது, உன்ன மாதிரியே."

"விளையாடாத. சமையலறைச் சுவத்துல புதுசா ஒரு கீறல் விழுந்திருக்கு. எனக்கு இங்க இருக்கவே பிடிக்கல."

அவள் பிடித்த பிடியில் இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டு அத்தானின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அத்தான் பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார், என் பேச்சைத் தவிர. அவர் நகராட்சி இன்ஜினியரைக் கூப்பிட்டிருக்கிறார். வந்து பார்க்கப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் மேலே போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அத்தானுக்கு ஏகப்பட்ட பெருமை. எங்கள் வீட்டிலேயே அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

என் கம்ப்யூட்டரில் இரண்டு கோப்புறைகள். ஒன்றுக்கு 'அசல்' என்று பெயர், இன்னொன்றுக்கு 'முடிந்தது'. அசலைத் திறந்தேன். திறந்துவிட்டுக் கை நின்றது. நாலு நாளில் என் கண்காட்சி. இதே படங்களில் இரண்டை அந்த இன்ஜினியரின் அலுவலகமே தன் வரவேற்பறைக்கு வாங்கியிருந்தது. அசல் வெளியே போனால் பத்து வருஷச் சாயம் ஒரே நாளில் வெளுத்துவிடும். சுவரில் கீறல் விழாத வீடு எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்ததிலிருந்து பன்னிரண்டு படங்களை அனுப்பினேன்.

மறுநாள் அத்தான் கூப்பிட்டார். "பயப்பட ஒண்ணுமில்லையாம். வறட்சி வெடிப்புதானாம். உங்க அக்கா வாயை நீதான் அடைச்ச." அன்றைக்கே வீடு திரும்பிவிட்டார்கள்.

கண்காட்சி அமர்க்களமாக நடந்தது. ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை என்று மேடையில் சொன்னேன். முன்வரிசையில் அத்தான் எல்லாரையும்விட நீளமாகக் கைதட்டினார். கூட்டம் கலையும்போது மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை.

நாலாம் நாள் மதியம், பொழுது போகாமல், முதல் வார அசலையும் மூன்றாம் வார அசலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே இருந்த கட்டங்கள் இம்மி பிசகாமல் பொருந்தின. கோட்டுக்குக் கீழே ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அத்தனையும் சேர்ந்தாற்போல் வீட்டுப் பக்கம் இறங்கியிருந்தன.

இன்ஜினியரைக் கூப்பிட்டேன். "விளிம்பை ஒட்டி நீளமா ஒரு பிளவு இருந்தாத்தான் பயம். மழைத் தண்ணி அதுக்குள்ள இறங்கினா மொத்தமா சரியும். அதான் உங்க படத்துல இல்லையே," என்றார். நான் அழித்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "முதல்ல அவங்களை வெளிய கொண்டு வாங்க," என்றார்.

காரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அக்கா சமையலறையில் பின்கதவோரம் துணி போட்டுத் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தாள். கதவு இப்போது திறக்கவே இல்லை.

"அக்கா, மேல பெரிய பிளவு இருக்கு. படத்துல நான் அழிச்சிட்டேன். கிளம்பு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான்தான் சிரித்தார். "கண்காட்சி முடிஞ்சதும் மச்சினிக்குப் புது வேடிக்கையா?" போனை எடுத்து நான் அனுப்பிய படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். "இந்தா. இதுல பிளவு எங்க இருக்கு?"

"இல்ல அத்தான். நான்தான் அதை அழிச்சேன்."

"அன்னைக்கு மேடையில அத்தனை பேர் முன்னாடி ஒரு புள்ளிகூட மாத்தலன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா? மழையைப் பார்த்துப் பயந்துட்ட. அவ்வளவுதான்."

அவருக்குக் காட்ட அசல் என் கையில் இல்லை, வீட்டில் கம்ப்யூட்டரில் கிடந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அழுதேன். இரும்படித்த கை, அசையவில்லை. கடைசியில் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. "சரி, அழாத. நீ போய் அவகூட உக்காரு. நான் அஞ்சு நிமிஷத்துல மேல ஏறிப் பார்த்துட்டு வந்துடறேன்," என்றார். வேண்டாம் என்று கத்தினேன். பக்கவாட்டு வழியாகச் சுற்றிப் படியேறிவிட்டார். பின்னால் ஓடி இரண்டு படி ஏறினேன். காலுக்குக் கீழே படி ஆடியது. திரும்பித் தெருவுக்கு ஓடி வந்தேன். ஓடி வந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கார் பக்கத்தில் நிற்கும்போது போன் அடித்தது.

"நீ சொன்னது நிஜம்தான்," என்றார் அத்தான். மூச்சு வாங்கியது. "வாய்க்கால் மாதிரி பிளந்து கிடக்கு. உள்ள தண்ணி ஓடுது."

"இறங்கி வாங்க அத்தான்."

"இரு. ஒரு படம் எடுத்துக்கறேன். இல்லன்னா நாளைக்கு இன்ஜினியர் என்னை நம்பமாட்டார்."

போன் துண்டித்தது. சற்று நேரத்தில் படம் வந்தது. நான் அழித்த கோடு அதில் முழுசாக இருந்தது. அவருடைய பூட்ஸ் நுனி கோட்டுக்கு இந்தப் பக்கம், வீட்டுப் பக்கம் தெரிந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது வீட்டுக்குப் பின்னால் லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. சமையலறைக் கூரை உள்பக்கமாக மடங்கி இறங்கியது.

அக்கா காரிலிருந்து இறங்கி என் தோளைப் பிடித்தாள். "அவர் எங்கடி?"

"மேல போனார்க்கா."

"பிளவு இருக்குன்னு நீ சொன்ன அப்புறமுமா? எதுக்குடி போனார்?"